மார்புத் தழும்பின் சரித்திரம்

ராஜபாளையத்திலிருந்து கிழக்கே வெம்பக்கோட்டைப் பாதையில் போகிறவர்கள், சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும் கண்ணுக்குத் தென்படுமுன்பே விசைத்தறிகளின் ஓசையைக் கேட்பார்கள். அங்கே பிரதானமாக நெய்யப்படுவது உடுக்கும் துணியன்று. ரணத்தின்மேல் வைத்துக் கட்டுகிற பேண்டேஜ் துணி. 1936-ஆம் ஆண்டு பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்து, அதைத் தொடர்ந்து மேலும் பல நூற்பாலைகள் எழுந்து, சுற்றுவட்டாரம் முழுவதும் பஞ்சையும் நூலையும் நம்பிப் பிழைக்கத் தொடங்கிய பிற்பாடு, இச்சிற்றூர்கள் ஆஸ்பத்திரித் துணியைத் தங்கள் தனித் தொழிலாக ஆக்கிக்கொண்டன. இழைக்கு இழை இடைவெளி விட்டு நெய்த அத்துணியைக் கையில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். தறியிலிருந்து இறங்கியவுடனே அது தண்ணீரை ஏற்பதில்லை. பஞ்சில் இயற்கையாக உள்ள மெழுகு ஈரத்தைத் தள்ளிவிடுகிறது. காரம் கலந்த நீரில் வேகவைத்து, வெளுத்து, அலசி, உலர்த்திய பிறகுதான் உறிஞ்சும் குணம் அதற்கு வருகிறது. நன்றாக வெளுத்த துணி தண்ணீரில் போட்டவுடன் மிதக்காமல் அமிழ வேண்டும் என்பதே அதற்குரிய பரீட்சை.

பேண்டேஜ் துணி போய்ச் சேரும் இடங்களுள் இருதய அறுவைச் சிகிச்சைக் கூடங்களும் உண்டு. அங்கே உபயோகித்த துணிகள் அத்தனையையும் ஒன்று விடாமல் எண்ணிச் சரிபார்த்த பின்னரே நோயாளியின் மார்பை மூடுவார்கள். மூடியதன் அடையாளமாகக் கழுத்துக்குக் கீழே தொடங்கி நெஞ்சுக் குழிவரை இறங்குகிற ஒரு தழும்பு ஆயுள் முழுவதும் நின்றுவிடுகிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிறவி இருதயக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்று, அந்தத் தழும்போடு வளர்ந்து ஆளானவர்களின் மனம் என்ன பாடுபட்டது, அதை நெடுங்காலம் எவரும் கேளாமல் விட்டதற்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

முன்காலத்தில் இந்நோய்க்கு நம் பக்கத்து ஜனங்களிடையே தனிப் பெயர் இல்லை. பால் குடிக்கையில் வியர்த்துக் களைத்துப் பாதியில் விட்டுவிடுகிற குழந்தையையும், அழும்போது உதடும் நகமும் நீலம் பாய்கிற குழந்தையையும், எடையேறாமல் நெஞ்சுக்கூடு மட்டும் வேகமாக அடித்துக்கொள்கிற குழந்தையையும் பார்த்த பாட்டிமார், கருங்கிரந்தி என்றும் தோஷம் என்றும் சீர் தட்டியது என்றும் அவரவர் அனுபவத்துக்கு ஏற்பப் பெயரிட்டுக் கைவைத்தியம் பார்த்தார்கள். அதற்கும் வசப்படாதபோது, சாத்தூருக்கு அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சூழ அமைந்த இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதிக்குக் குழந்தையை எடுத்துச் சென்று, கோயில் மண்டபத்திலேயே தங்கியிருக்கும் நோன்பாகிய வயனம் காத்தார்கள். அவ்வழக்கத்தைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. வேறு துணையே இல்லாத ஒரு காலத்தில், நோயாளிக் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் தன் வீட்டு மூலையில் தனித்து அழாமல், தன்னைப் போன்ற பல தாய்மாரோடு சேர்ந்து உட்கார்ந்து அழுவதற்கு இடம் கொடுத்தது அந்த மண்டபம்தான்.

ஆறுதல் அளித்த சம்பிரதாயத்தோடு பழி சுமத்துகிற சம்பிரதாயமும் கூடவே இருந்தது. சூல் கொண்டவள் கிரகண வேளையில் வாசலுக்கு வந்தாள், அரிவாள்மணையைத் தொட்டாள், அதனால்தான் பிள்ளை குறையோடு பிறந்தது என்ற பேச்சை, பிரசவித்த உடம்பு ஆறுமுன்பே தாய் கேட்க நேர்ந்தது. தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுத்த குடும்பங்களில் அந்தப் பழி வேறு வடிவம் எடுத்தது. உறவுக்குள் விவாகம் செய்வதனால் இக்கோளாறு மிகுகிறது என்று மைசூரில் நடத்தப்பெற்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது என்பது உண்மையே. ஆயினும், ஆயிரம் பிரசவங்களுக்கு எட்டு அல்லது ஒன்பது என்ற விகிதத்தில், ஏழை பணக்காரர், உறவில் மணந்தவர் அயலில் மணந்தவர் என்ற பேதமின்றி உலகெங்கும் தோன்றுகிற இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிவிட முடியாது. பழியோ ஒருவர் தலையில் இறங்கியே தீர வேண்டியிருந்தது. அது தாயின் தலையில் இறங்கிற்று. பிள்ளை பிழைத்து வளர்ந்தபோது, தன்னால் அம்மா பேச்சுக் கேட்கிறாள் என்ற எண்ணமும் அதனோடு வளர்ந்தது. இக்கோளாறோடு வாழ்கிறவர்களின் மனத் துயரத்துக்கு முதல் வித்து, நான் அறிந்தவரையில், தங்கள் நோயைப் பற்றிய அச்சமன்று. தாய்க்குத் தாங்கள் பாரமாகிவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சியே.

கோளாறு கடுமையாக இருந்தவர்கள் பெரும்பாலும் பாலப் பருவத்தைத் தாண்டவில்லை. கோளாறு சிறிதாக இருந்தவர்கள், முக்கியமாக இருதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் துவாரம் இருந்தவர்கள், தங்களுக்கு என்ன என்றே அறியாமல் வாலிபம் வரையில் வந்துவிட்டார்கள். தண்ணீர்க் குடம் சுமக்கையில் மற்றப் பெண்களைவிட முன்னதாக மூச்சு வாங்கி நின்றவளை இளைப்புக்காரி என்றார்கள். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடத்தைப் பிடித்து நாலடி இழுப்பதற்குள் ஒதுங்கிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்த பிள்ளையைச் சோம்பேறி என்றார்கள். வியாதியென்று தெரிந்திருந்தால் கிடைத்திருக்கும் இரக்கம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

உலகின் மறுபக்கத்தில் வைத்திய சாஸ்திரம் இதற்குள் வெகுதூரம் வந்திருந்தது. 1938-இல் பாஸ்டன் நகரத்தில் ராபர்ட் கிராஸ் என்ற சர்ஜன், பிறந்தவுடன் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக் குழாய் மூடாமலே இருந்த ஏழு வயதுச் சிறுமிக்கு அதைக் கட்டி அடைத்தார். 1944 நவம்பரில் பால்டிமோரில், ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர் வகுத்த யோசனையையும், விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர் ஆய்வுக்கூடத்தில் தேர்ந்து தேறிய கைத்திறனையும் கொண்டு, ஆல்ஃபிரட் பிளேலாக் என்பவர் நீலம் பாய்ந்த ஒரு குழந்தைக்குச் செய்த சிகிச்சை உலகப் பிரசித்தி பெற்றது. டாசிக்குக் காது கேட்கும் சக்தி குறைந்துபோயிருந்தபடியால், அவர் குழந்தைகளின் நெஞ்சில் விரலை வைத்தே இருதயத் துடிப்பின் பேதங்களை உணர்ந்தார் என்பதையும், சிகிச்சை பெற்ற குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின்னரும் அவர்களைப் பற்றிய விவரங்களைப் பல்லாண்டு காலம் திரட்டிவந்தார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். சிகிச்சையோடு கடமை முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. அவரிடம் பயிற்சி பெற்ற கமலா வைத்திலிங்கம், வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இருதய நோய்த் துறையைத் தோற்றுவித்தார். 1940-களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் அங்கே மார்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்க, 1960-களின் தொடக்கத்தில் இருதயத்தைத் திறந்து செய்யும் சிகிச்சையும் அந்த ஊரில் நடைபெறலாயிற்று.

விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையே 1927-இல் போடப்பட்ட ரயில் பாதை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுச் செல்லுகிறபடியால், வசதியுள்ள குடும்பங்களுக்கு வேலூர் எட்டாத தூரமன்று. விருதுநகரில் வண்டி மாறி, மதுரையும் திருச்சியும் கடந்து, விழுப்புரத்தில் காட்பாடி வண்டியேறி, திருவண்ணாமலை வழியாக வேலூர் கன்டோன்மென்டில் இறங்க வேண்டியிருந்தது. நீலம் பாய்ந்த குழந்தையோடு அந்தப் பிரயாணம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, மதுரையில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அப்போது வழங்கிய பெரிய ஆஸ்பத்திரியே எல்லையாக இருந்தது. 1976-இல் மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், திருவிதாங்கூர் அரச குடும்பம் அளித்த கட்டடத்தில், எம். எஸ். வலியத்தான் தலைமையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பெயரால் விளங்கும் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது நம் பக்கத்துக்குப் பெரிய அனுகூலம். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று கணவாயைக் கடந்து போன பஸ்களில், மார்பில் பிளாஸ்திரியோடு திரும்பி வந்த பிள்ளைகள் பலர். மலையாளமும் தமிழும் கலந்து மருத்துவர் சொன்னவற்றுள் பெற்றோர் நன்றாகப் பிடித்துக்கொண்டது ஒரு வாக்கியந்தான்: இனிப் பயமில்லை.

அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அது அந்த வயதுக்குப் பொருந்திய உண்மை. நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1888-இல் வகைப்படுத்திக் கூறிய நான்கு கோளாறுகளையும் சேர்த்துச் சீர்செய்த பிறகும், நுரையீரலுக்குச் செல்லும் வால்வு கசியக் கூடும். இருபது முப்பது ஆண்டுகளில் வலது அறை வீங்கித் துடிப்புத் தடுமாறக் கூடும். ஆகையினால் ஆயுள் முழுவதும் காலாகாலத்தில் வந்து காட்டிப்போக வேண்டும். பெற்றோரோ குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுச் சீட்டையும் படத்தையும் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டியதற்கு மறதி மட்டும் காரணமன்று, விவாகமே காரணம்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, ஜாதகம், குலம், நகை, படிப்பு என்ற விசாரணைகளுக்கு அடியில், வாய்விட்டுக் கேட்கப்படாத விசாரணை ஒன்று நடக்கிறது. அக்கம்பக்கத்தார், தூரத்து உறவினர், வீட்டு வேலைக்காரி ஆகிய எவரிடமிருந்தாவது, பெண்ணுக்கு உடம்பில் ஏதேனும் உண்டா என்பதை அறிந்துகொள்வார்கள். இதை அறிந்த தாய், சிகிச்சை முடிந்து வந்த நாள் முதலாகவே தற்காப்பில் இறங்கிவிடுகிறாள். ஆறு வயதுப் பெண்ணின் சட்டைக் கழுத்தைத் தையற்காரரிடம் சொல்லி இரண்டு விரற்கடை உயர்த்தித் தைக்கச் சொல்லுகிறாள். பள்ளியில் விளையாட்டு வகுப்புக்கு விலக்குக் கேட்டுக் கடிதம் கொடுத்தால் விஷயம் வெளியாகுமென்று அஞ்சி, அந்த நாட்களில் வயிற்று வலி என்று சொல்லிவிடு என்கிறாள். பெண் வயதுக்கு வந்த பிறகு, ரவிக்கையின் கழுத்து இன்னும் மேலே ஏறுகிறது. தாவணியின் மாராப்பில் இரண்டு ஊக்குகள் குத்தப்படுகின்றன. உறவினர் வீட்டு விசேஷத்தில் கூடப் படுத்து உறங்கும் பெண்களோடு இவள் படுப்பதில்லை. இவை யாவும் அன்பினால் செய்யப்பட்டவை. அந்தத் தாயை நான் குறை கூற மாட்டேன். ஆனால் இவ்வளவு ஜாக்கிரதையோடு மூடப்படும் ஒன்று வெட்கப்பட வேண்டியதுதான் என்பதை அந்தப் பெண்ணுக்கு யாரும் வாயால் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆண் பிள்ளைகளின் நிலை வேறு. ராஜபாளையத்து மில்களில் இரவு ஷிப்டும், ஓயாது நின்று வேலை செய்வதும் வழக்கமாக இருந்தபடியால், சட்டையைக் கழற்றச் சொல்லும் வைத்தியப் பரிசோதனைக்கு அஞ்சி, வேலை கேட்டே போகாதவர்கள் உண்டு. போனவர்கள் மறைத்துச் சேர்ந்து, உடம்பு தாங்காதபோதும் சொல்ல வழியில்லாமல் வருந்தினார்கள்.

மறைத்து வாழ்கிற மனத்துக்கு இருதயமே சத்துருவாகிவிடுகிறது. இந்நோயாளிகளின் அச்சத்தில் உள்ள தனிக் கொடுமை ஒன்றைச் சொல்லுகிறேன். சாதாரணமாக மனக் கலக்கம் மிகும்போது எவருக்கும் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை வியர்க்கும், தலை சுற்றும். மற்றவர் அது பயத்தினால் வந்தது என்று சற்று நேரத்தில் தேறிவிடுவார். பிறவியில் இருதயக் கோளாறு உள்ளவருக்கோ அவை அத்தனையும் அவருடைய வியாதியின் குறிகளாகவும் இருக்கின்றன. இது துடிப்புத் தடுமாறுகிறதா, வெறும் பயந்தானா என்று அவராலும் சொல்ல முடியாது. ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் மருத்துவராலும் சொல்ல முடியாது. பயத்தினால் படபடப்பு, படபடப்பினால் மேலும் பயம் என்று நள்ளிரவில் விழித்துக்கொண்டு கிடப்பவர், பக்கத்தில் உறங்குகிறவரை எழுப்பினால் இரகசியம் வெளிப்படுமே என்று எழுப்பாமலும் இருந்துவிடுகிறார். சிலருக்கு, பிறந்ததிலிருந்து பிராணவாயு குறைந்த ரத்தம் மூளைக்குச் சென்றதனாலும், பச்சிளம் பருவத்துப் பெரிய சிகிச்சையினாலும், கவனத்திலும் ஞாபகத்திலும் சிறு குறைகள் நின்றுவிடுகின்றன. அதைப் படிப்பில் மந்தம் என்று பள்ளிக்கூடம் தீர்ப்பளித்துவிடுகிறது.

இத்தகைய துயரத்தை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது? மனோவியாதிக்கு வைத்தியம் என்றால் நம் ஜனங்களின் நினைவுக்கு வந்தது கீழ்ப்பாக்கம். 1871 முதல் அங்கே இயங்கிவரும் ஆஸ்பத்திரியின் பெயர், சென்னையைப் பார்த்தேயிராதவர்களின் வாயிலும் வசைச் சொல்லாக வழங்கிற்று. ஏற்கெனவே ஒரு குறையை மூடி மறைக்கிற வீட்டில், மனநல மருத்துவரிடம் போவோம் என்று எவர் சொல்லத் துணிவார்? இதில் எனக்கு ஆறாத வருத்தம் தருவது ஒன்று உண்டு. கமலா வைத்திலிங்கமும் ரீவ் பெட்ஸும் பணி புரிந்த அதே வேலூர் ஸ்தாபனம், 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் ஒன்றைத் திறந்து, நோயாளியைத் தனியே அடைத்து வைக்காமல் குடும்பத்தாரையும் கூடவே தங்கச் செய்து சிகிச்சையளிக்கும் முறையை அந்நாளிலேயே கைக்கொண்டது. இருக்கன்குடி மண்டபத்தில் குடும்பத்தோடு தங்கிப் பழகிய நம்மவர்களுக்கு அதைவிட இயல்பான முறை வேறில்லை. ஆயினும் இருதயத்துக்காக வேலூருக்குப் போன ராஜபாளையத்துக் குடும்பம், அந்த மையத்தின் பக்கம் திரும்ப வேண்டும் என்று எண்ணவும் இல்லை; எண்ணியிருந்தால் அச்சப்பட்டிருக்கும்.

2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, அடுத்த மாவட்டமான ராமநாதபுரத்தின் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து மாண்ட பின்னரே, மனநல வைத்தியம் ஜில்லா ஆஸ்பத்திரிகள்வரை இறங்கி வர வேண்டியதன் அவசியம் எல்லோருக்கும் உறைத்தது. மாவட்ட மனநலத் திட்டம் அதற்குப் பிறகு படிப்படியாக விரிந்தது. அதே காலத்தில், வேறொரு துறையில், ஏழைகளுக்குப் பெரிய உபகாரம் ஒன்று நடந்தது. 2009 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும், அதைத் தொடர்ந்து 2012-இல் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும், தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் பால்கோவாக் கடையில் பால் கிண்டுகிறவர் பிள்ளைக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் இருதய சிகிச்சை கிடைக்க வழி செய்தன. நிலத்தை விற்றவர்களும் தாலிச் சங்கிலியை அடகு வைத்தவர்களும் மட்டுமே பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்ட காலம் அத்தோடு மாறத் தொடங்கிற்று. அவ்வாறு 2009-இல் ஆறு வயதில் சிகிச்சை பெற்ற பெண் இன்று இருபதைத் தாண்டியவள். ஏழைக் குடும்பங்களிலிருந்து இத்தனை பேர் ஒருசேரத் தழும்போடு விவாக வயதை அடைவது நம் ஊர்களின் சரித்திரத்தில் இதுவே முதல் தடவை.

இவர்களுடைய மனநிலையைப் பற்றி வெளிநாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் நமக்கு அந்நியமானவை அல்ல. வட அமெரிக்காவில் அட்ரியென் கோவாக்ஸ் என்ற மனோதத்துவ நிபுணரும் அவர் குழுவினரும் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நேரில் பேட்டி காணப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழ்க்கையில் ஒருமுறையேனும் மனச் சோர்வு அல்லது பதற்ற வியாதிக்கு ஆளானவர்கள் என்றும், அவர்களுள் பலர் அதற்குச் சிகிச்சையே பெறாதவர்கள் என்றும் தெரியவந்தது. அதைவிட முக்கியம், இருதயக் கோளாறு எவ்வளவு பெரிது என்பதற்கும் மனத் துயரத்துக்கும் சம்பந்தம் காணப்படவில்லை. தனிமையும், பிறர் தன்னைத் தாழ்வாக நினைப்பார்களோ என்ற அச்சமுமே அதை நிர்ணயித்தன. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வியிலேயே காலம் கழிக்கிற நம் தெருக்களுக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான முடிவு எது? பின்னர் 2013 முதல் 2015 வரை 15 நாடுகளில் 4,028 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் இந்தியாவும் இடம் பெற்றது. வேலையில்லாமை, மணமாகாமை, வயது ஏறுதல், உடல் இயக்கம் குன்றுதல் ஆகியவை வாழ்க்கைத் திருப்தியைக் குறைப்பதாக அது கண்டது. வேலையும் விவாகமும்தானே நம்மவர்கள் தழும்பை மறைத்துப் பெற முயன்றவை. மறைத்ததனால் அவை சில வேளை கிடைத்தன. கிடைத்தவற்றோடு தனிமையும் சேர்ந்து வந்தது.

என் அபிப்பிராயம் இது: சம்பந்தம் பேசும் முதல் நாளிலேயே சிகிச்சையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், அதைத் தகப்பனார் தயங்கித் தயங்கிச் சொல்வதைவிட, இந்தப் பெண் இன்ன வேலை செய்யலாம், இன்ன காலத்தில் பிள்ளை பெறலாம், ஆண்டுக்கு இத்தனை முறை பரிசோதனைக்கு வர வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை முன்னே வைப்பது நல்லது. அதனால் சில சம்பந்தங்கள் தவறிப்போகும். தவறட்டும் என்று சொல்வது எனக்கு எளிது, பெண்ணைப் பெற்றவர்களுக்கு எளிதன்று என்பதையும் நான் அறிவேன். ஆனால் மறைத்து மணம் முடித்தவளின் கதி என்ன? புக்ககத்தில் மருந்து அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, மாத்திரைகளை மட்டும் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துக்கொள்கிறாள். மாமியார் அடிக்கடி கேட்கத் தொடங்கினால் அதையும் நிறுத்திவிடுகிறாள். பிறகு சூல் கொள்கிறாள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதியளவு கூடுகிறது. பழைய கோளாறு மிச்சமிருந்தால் அப்போதுதான் தலை தூக்கும். ஏழாம் மாதத்தில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது, கூட வந்தவர்களில் ஒருவருக்கும் அவள் மார்பைத் திறந்த கதை தெரியாது.

2022 ஜனவரி முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகிறது. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் காலையில் புறப்பட்டால், காட்டிவிட்டு அன்றே திரும்பிவிடலாம். அதே ஆண்டு அக்டோபர் முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசகரோடு தமிழில் பேசவும் முடிகிறது. அதற்கு ஊரார் கண்ணில் பட்டு ஒரு வாசலேற வேண்டியதில்லை. சிறு வயதில் சிகிச்சை பெற்றவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, ஈசிஜியும் எக்கோவும் எடுத்த பிறகு மருத்துவர் இன்னும் நாலு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்: இரவில் தூக்கம் வருகிறதா, படபடப்பு வரும்போது யாரை எழுப்புகிறாய், வேலைக்குப் போகிறாயா, போகாததற்கு உடம்பு காரணமா பயம் காரணமா, இந்த ஆபரேஷனைப் பற்றி உன் வீட்டில் யார் யாருக்குத் தெரியும்? கடைசிக் கேள்வியைக் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் பதிலைக் கொண்டே, மாத்திரைகள் வேளை தவறாமல் உள்ளே போகின்றனவா, அல்லது டப்பாவிலேயே கிடக்கின்றனவா என்பதை மருத்துவர் அறிந்துகொள்ளலாம்.